அலைகள் அறியாத சொல்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள் சார், காற்று வரட்டும். இல்லை, வேண்டாம், மூடியே இருக்கட்டும். ராமநாதபுரம் தாண்டிவிட்டோம், இனி உப்புக்காற்று வரும். எனக்கு அது ஆகாது. சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள். கடலைப் பற்றியே எழுதிப் பெயர் வாங்கியவனுக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

நீங்கள் ராமேஸ்வரம்தானே? நல்லது. நான் தங்கச்சிமடத்தில் இறங்க வேண்டும். இறங்குவேனா என்று கேட்டால்... கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கியாகிவிட்டது, இறங்கித்தானே ஆக வேண்டும்.

என் பெயர் கடல்வேந்தன். மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, ஆளைத் தெரியாவிட்டாலும் பாட்டைத் தெரிந்திருக்கும். "ஆழி எங்கள் முற்றம்." அதுவும் இல்லையா? இருங்கள், நாலு வரி சொல்கிறேன். சத்தமாகச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஆழி எங்கள் முற்றம் – நீல
அலைகள் எங்கள் புரவி;
அடிமை என்னும் சொல்லை எங்கள்
அலைகள் அறிந்த தில்லை.

அவ்வளவுதான். இன்னும் எண்பது வரிகள் உண்டு, ஆனால் இந்த நாலுதான் கவிதை என்று ஆகிவிட்டது. சோழக் கப்பல்கள் போனது, கடலுக்கு அப்பால் கொடி நட்டது, பிறகு வெள்ளைக்காரன் வந்தது, அவனை விரட்டியது, எல்லாம் வரும். இனத்தைப் பேசுகிற மேடையில் சோழக் கப்பலுக்குக் கைதட்டுவார்கள். சுதந்திர தின மேடையில் அதே வரிக்குக் கொடியை ஆட்டிக்கொண்டு கைதட்டுவார்கள். நான் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. "எங்கள்" என்கிற சொல்லில் அந்த வசதி உண்டு. முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கு அது பொருந்திக்கொள்ளும். இதை நான் பெருமையாகத்தான் சொல்லி வந்தேன். இப்போது சொல்லும்போது என்னவோ போல் இருக்கிறது. விடுங்கள்.

கவியரங்கம் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒரு வழக்கம். ஒரு வரி பிடித்துவிட்டால் கூட்டத்தில் யாராவது "மறுபடி!" என்று குரல் கொடுப்பார்கள். கொடுத்தால் கவிஞன் அந்த வரியைத் திரும்பச் சொல்ல வேண்டும். கைதட்டல் எல்லாருக்கும் கிடைக்கும், காசு கொடுத்துக்கூடத் தட்டச் சொல்லலாம். "மறுபடி" அப்படி இல்லை. அது தானாக வர வேண்டும். ஊர் திரும்பி வந்ததும் எங்களுக்குள் கேட்டுக்கொள்வது அதுதான்: "எத்தனை மறுபடி?"

எனக்கு முதல் "மறுபடி" சொன்னவள்தான் என் மனைவி. கல்லூரி விழா. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல், துறைமுகத்தில் கூப்பிடுகிற மாதிரி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. ஜெனோவா, தங்கச்சிமடத்துப் பெண். விசைப்படகில் போகிற குடும்பம். நான் மேலூர்ப் பக்கம், கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. அவள் வீட்டில் மூன்று வருடம் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அப்பா அதற்குள் இறந்துபோனார். இறந்துபோனார் என்றால், போனவர் வரவில்லை. கடல் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பிறகு அவள் தம்பிதான் முன்னால் நின்று கட்டிவைத்தான். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை, ஆனால் படகில் ஏறியிருந்தான். "எங்கக்கா குரல் கொடுத்துக் கூப்பிட்ட ஆளு, வேற யாருக்குக் கட்டிக் கொடுக்குறது" என்றான்.

அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவன் பெயர் அடிமை.

ஆமாம், அதுதான் பெயர். பட்டப்பெயர் இல்லை, ஆதார் அட்டையில் இருக்கிற பெயர். இந்தக் கரையில் அது சகஜம். ஜெனோவாவுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தன. மூன்றாவது பிறந்ததும் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், "இது எங்க பிள்ளை இல்லை, உம்ம அடிமை, நீரே காப்பாத்தும்" என்று புனிதர் காலடியில் கிடத்திவிட்டு, மொட்டை போட்டு, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். புனிதர் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பெயரோடு முப்பது வருடமாகக் கடலில் ஓடுகிறான், இப்போது படகுக்கு டிரைவர்.

எங்கள் பக்கமும் இப்படி உண்டு. எனக்கு முன்னால் இரண்டு போய்விட்டது என்று என்னைக் குப்பையில் போட்டு எடுத்து, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். பிச்சை என்று எந்தக் கவிஞனாவது மேடையேறுவானா? இருபது வயதிலேயே மாற்றிக்கொண்டேன். அது வேறு விஷயம்.

போன ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போன முதல் வாரம், அடிமை போன படகை அக்கரைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லை தாண்டினார்களாம். தாண்டினார்களா என்றால், தாண்டியிருப்பார்கள். கடலில் கோடு தெரியாது என்று நாம் மேடையில் சொல்வோம், அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது அவனே சொன்னான்: "அங்கிட்டு ஒருத்தன் வலை விரிச்சிருந்தான் மச்சான். நம்ம மடிவலை இழுத்துட்டுப் போனதுல அவன் வலை அறுந்துபோச்சு. எந்திரிச்சு நின்னு திட்டுறான். தமிழ்லதான் திட்டுறான். நம்ம ஊர் வசவேதான். எனக்குப் பதிலுக்குத் திட்ட வாய் வரல." நான் அப்போது என் கவிதையில் இரு கரையும் ஒரே குலம் என்று ஒரு பகுதி சேர்த்துக்கொண்டிருந்தேன். இவன் சொன்னது அதில் சேரவில்லை. ஆழி எங்கள் முற்றம் என்றால், அங்கே வலை விரித்தவன் யார்? விருந்தாளியா? சோழக் கப்பல் போய் இறங்கியபோது எதிர்க்கரையில் நின்றவன் எந்த மொழியில் திட்டியிருப்பான்? இதையெல்லாம் யோசித்தால் எழுத முடியாது சார். நான் எழுதினேன்.

ஐந்து பேர். ஆரோக்கியம், ராயப்பன், மிக்கேல், கிங்ஸ்டன், அடிமை.

ஆகஸ்டில் ராமநாதபுரத்தில் சுதந்திர தினக் கவியரங்கம். பெரிய மனிதர்கள் எல்லாம் வருகிறார்கள், முன்வரிசையில். ஜெனோவா என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. அன்று கேட்டாள். "மேடையில அஞ்சு பேர் பேரையும் சொல்லுங்க. அவங்க முன்னால சொல்லுங்க. காதுல விழட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

எழுதினேன். மனதார எழுதினேன். கடைசியில் ஒரு பகுதியாகச் சேர்த்தேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். "அடிமை என்னும் சொல்லை எங்கள் அலைகள் அறிந்ததில்லை" என்று கூட்டமே அதிரச் சொல்லிவிட்டு, அடுத்த பகுதியில் ஆரோக்கியம், ராயப்பன், மிக்கேல், கிங்ஸ்டன், அடிமை என்றால் என்ன ஆகும்? சிரிப்பார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தால் போதும், எண்பது வரியும் போயிற்று. மைத்துனனை வைத்துச் சிரிக்க விடலாமா? அவனுக்காகத்தான் யோசித்தேன். அவனுக்காகவா, வரிக்காகவா என்று ஜெனோவா பிறகு கேட்டாள். அவனுக்காகத்தான். பெரும்பாலும் அவனுக்காகத்தான்.

எனவே சூசை என்று போட்டேன். அவன் அப்பா பெயர். சூசை மகன் அடிமை. அப்பன் பெயரால் மகனைச் சொல்வது நம் மரபிலேயே இருக்கிறது, வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஓசையும் நன்றாக நின்றது. ஆரோக்கியம், ராயப்பன், மிக்கேல், கிங்ஸ்டன், சூசை. சொல்லிப் பாருங்கள். இறங்கி வந்து உட்காருகிறது இல்லையா?

அன்றைய கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலாவது வரிக்கு மூன்று முறை "மறுபடி". ஜெனோவா தன் அம்மாவை அழைத்து வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் "மறுபடி" சொல்லவில்லை, பெயர்களுக்காகக் காத்திருந்தாள். பெயர்களுக்கு வந்தேன். ஒவ்வொரு பெயராக நிறுத்திச் சொன்னேன். சூசை என்றதும் என் மாமியார் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்று, சேலைத் தலைப்பை வாயில் வைத்து, அப்படி ஒரு அழுகை. இத்தனை வருடத்தில் என் கவிதைக்கு அந்த அம்மா அழுது நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரிய மனிதர் மைக்கை வாங்கி, "அந்தத் தாயின் கண்ணீருக்குச் சொல்கிறேன், சூசையை மீட்காமல் ஓயமாட்டோம்" என்றார். கைதட்டல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கவிதை எதையாவது செய்யுமா என்று கேட்பவர்களுக்கு இதோ பதில் என்று நினைத்தேன்.

கீழே இறங்கி வந்தால் ஜெனோவா வாசலில் நிற்கிறாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எத்தனை மறுபடி, எண்ணினியா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "எங்கப்பாவைக் கடல் கொண்டுபோய் இருபத்தேழு வருசம் ஆச்சு. அவரைக் கொண்டுபோய் ஜெயில்ல வச்சுட்டீங்களே."

எனக்குப் புரிய நேரமாயிற்று. அந்த அம்மா கவிதைக்கு அழவில்லை. சூசை உடல்கூடக் கிடைக்காத ஆள். எங்கேயாவது ஒரு கரையில் ஒதுங்கியிருப்பார், பிடித்து வைத்திருப்பார்கள் என்று எத்தனை வருடம் நம்பியிருப்பார். மேடையில் மருமகன் சொல்கிறான், சூசை சிறையில் இருக்கிறார் என்று. மைக்கில் சொல்கிறான். பெரிய மனிதரும் மீட்போம் என்கிறார். அந்த ஒரு நிமிடம்... ஒரு நிமிடம்தான் இருக்கும். அப்புறம் ஜெனோவா காதில் சொல்லி உட்காரவைத்திருக்கிறாள்.

நான் மரபைச் சொன்னேன். அப்பன் பெயரால் மகனைச் சொல்வது...

"உங்க பேரையே பிடிக்காம மாத்திக்கிட்டவரு. எந்தம்பி பேரை மாத்துறதா உங்களுக்குப் பெருசு?" என்றாள். அப்புறம், "அடிமைங்கிற சொல்லு அலைக்குத் தெரியாதாமில்ல? முப்பது வருசமா அது மேலதானே கெடக்கான். உங்களுக்குத்தான் தெரியாது. அலைக்குத் தெரியும்."

அம்மாவோடு ஊருக்குப் போனவள்தான். சண்டை இல்லை. போன் பேசுவாள். மருந்து சாப்பிட்டீங்களா என்பாள். எப்போது வருகிறாய் என்றால், "அவன் பேரைப் பாட்டுல வச்சுட்டு வாங்க, சேர்ந்து போகலாம்" என்பாள்.

செப்டம்பரில் நாலு பேரை விட்டுவிட்டார்கள். ஆரோக்கியம், ராயப்பன், மிக்கேல், கிங்ஸ்டன். படகு ஓட்டினவனுக்கு மட்டும் ஆறு மாதத் தண்டனை. அது அந்த நாட்டுச் சட்டம் சார், டிரைவருக்குத் தனி. கவிதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் என் மாமியார் தெருவில் சொன்னாராம்: "பேரு சொன்ன நாலும் வந்துருச்சு." அந்த அம்மாவிடம் போய்ச் சட்டத்தையா விளக்குவேன்?

பாம்பன் வந்துவிட்டதா? இல்லையா. இது மண்டபமா. சரி.

இந்த மாசி மாதத்தோடு தண்டனை முடிந்தது. நேற்று சென்னைக்கு விமானத்தில் கொண்டு வந்தார்கள், இன்று வேனில் ஊருக்கு. கோயில் முன்னால் கூட்டம் போட்டிருக்கிறார்களாம். ஜெனோவா காலையில் சொன்னாள்: "வாங்க. எல்லார் முன்னாலயும் அந்தப் பாட்டைச் சொல்லுங்க. அவன் பேரோட." அதற்குத்தான் போகிறேன். சட்டைப் பையில் இருக்கிறது. பாருங்கள், இந்தக் காகிதம்தான்.

அந்த வரியை எடுத்துவிட்டால் பெயரை வைக்கலாம். மிகச் சுலபம். அடிமை என்னும் சொல்லை என்பதை, அச்சம் என்னும் சொல்லை என்று மாற்றினால் போதும். தளை தட்டாது. மோனையும் கெடாது. "அச்சம் என்னும் சொல்லை எங்கள் அலைகள் அறிந்ததில்லை." எப்படி இருக்கிறது? சும்மா சொல்லாதீர்கள். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், ஒருவனும் நிமிரவில்லை. செத்த சொல். தேர்தல் சுவரொட்டியில் இருக்கிற சொல். இதற்கு யாரும் "மறுபடி" சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு வரிதானே சார் நான்? இதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பிச்சைதான்.

அதோடு, அதுவும் பொய். அடிமையே ஒருமுறை சொல்லியிருக்கிறான், "பயமில்லாம கடலுக்குப் போறவன் பைத்தியக்காரன் மச்சான். நான் ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டுத்தான் போறேன்." அப்படியானால் அலைகள் எதைத்தான் அறியாது? நான் அலைகளை அறியேன். அதுதான் உண்மை. அதை எப்படி மேடையில் சொல்வது?

இரண்டு பிரதி எழுதி வைத்திருக்கிறேன். இடது பையில் அச்சமும் அடிமையின் பெயரும், வலது பையில் பழைய வரியும் சூசையும். மதுரையிலிருந்து வருகிறேன், இன்னும் எதைப் படிப்பது என்று தெரியவில்லை. நீங்களாக இருந்தால்...

இதுதான் பாலம். எல்லாரும் எழுந்து நின்று பார்க்கிறார்கள் பாருங்கள். நீங்களும் பாருங்கள். எனக்கு வேண்டாம், நான் இந்த முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். எங்கும் கோடு தெரிகிறதா? எனக்கும் சொல்லுங்கள்.

இருங்கள், போன். அவள்தான்.

சொல்லும்மா. பாலத்துல வந்துட்டிருக்கேன். என்னது? வந்துட்டானா? நல்லா இருக்கானா? சரி, கொடு.

அடிமை! எப்படிடா இருக்க? ம். ம். இளைச்சுட்டியாமே. ம். என்னது? ... இல்லப்பா, அது வந்து... ம். சரி. சரிடா. வந்துட்டேன், பக்கத்துலதான்.

வைத்துவிட்டான்.

என்ன சொன்னான் தெரியுமா சார்? சிறைக்குள்ளேயே அந்த நாலு பேரும் யாரிடமோ கேள்விப்பட்டு அவனிடம் சொன்னார்களாம் பாட்டைப் பற்றி. "மச்சான், சூசைன்னு வருமாமே, அதே இருக்கட்டும். எம்பேரு பாட்டுக்கு நல்லாருக்காது. உள்ள இருக்கும்போது அதிகாரி பேரைக் கேட்டு எழுதுறப்ப, அங்கனயும் அப்படித்தான் சிரிச்சாங்க. அக்கா சொல்றதைக் கேட்டு நல்ல பாட்டைக் கெடுத்துறாதீங்க." இப்படிச் சொல்கிறான்.

பார்த்தீர்களா? அவனே சொல்லிவிட்டான். ஆறு மாதமாக நான் பட்ட பாடு, ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டான். இடது பையில் இருப்பதைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஜெனோவாவிடமும் சொல்லலாம், அவனே விரும்பவில்லை என்று.

நல்லதுதானே சார்? நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லையா? எனக்கு ஏன் இப்படி வியர்க்கிறது? அந்த ஜன்னலைத் திறங்கள். பரவாயில்லை, திறங்கள்.

அங்கனயும் சிரித்தார்கள் என்றான். அங்கனயும். அப்படியென்றால் இங்கே சிரித்தது யார்? யாரும் சிரிக்கவில்லையே. நான் சொல்லவே இல்லையே, எப்படிச் சிரிப்பார்கள்?

பஸ் ஏன் நிற்கிறது? தங்கச்சிமடமா? கூட்டம். வெடி போடுகிறார்கள், வண்டி நகராது. அதோ வேன். அதோ மாலை போட்டு நடத்தி வருகிறார்கள். அந்த ஒல்லி ஆள்தான். எத்தனை இளைத்துவிட்டான், சட்டைக்குள் ஆளே இல்லை. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு மாமியார். அவருக்குப் பின்னால், அந்தப் பச்சைச் சேலை, அவள்தான் ஜெனோவா. மைக் கட்டி ஒரு மேடைகூடப் போட்டிருக்கிறார்கள். எனக்காகத்தான்.

கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் சார். நான் ஜன்னல் பக்கம் வர வேண்டும். ஒரு நிமிடம்.

அடிமை! டேய் அடிமை!

என்னய்யா பார்க்கிறீர்கள் எல்லாரும்? அது அவன் பெயர். என் மைத்துனன். பெயரைச் சொல்லித்தானே கூப்பிட முடியும்?

வெடிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நடந்துகொண்டே இருக்கிறான். அவளுக்குக் கேட்டுவிட்டது. நின்றுவிட்டாள். இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள். ஏதோ சொல்கிறாள். என்ன சொல்கிறாள், உங்களுக்குக் கேட்கிறதா? எனக்கும் கேட்கவில்லை. உதடு மட்டும் தெரிகிறது. மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ...

ஐயோ, அவள் "மறுபடி" என்கிறாள் சார்.

வழி விடுங்கள். காகிதமா? கீழே கிடக்கட்டும், மிதித்துக்கொண்டு போங்கள். வழி விடுங்கள்.

அடிமை! ஏய், அடிமை!